பை வைத்த பாவாடை

“என் பாவாடைக்குப் பை வச்சுக் கொடும்மா.”

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நாகம்மாளின் கை நின்றுவிட்டது. மகள் மங்களாம்பிகை இதுவரை கேட்காதது இல்லை. ஹைஸ்கூல் கேட்டாள், காலேஜ் கேட்டாள், ஹாஸ்டல் கேட்டாள். எதற்கும் நாகம்மாள் முகம் சுளித்ததில்லை. “பாப்போம்” என்பாள், எப்படியோ பார்த்தும்விடுவாள். ஆனால் பை என்ற ஒன்றை மட்டும் கேட்கக்கூடாது என்று மகள் அரிச்சுவடி படிக்கும்போதே சொல்லிவைத்திருந்தாள்.

“பேச்ச விடு” என்றாள் நாகம்மாள்.

“ஏன் விடணும்? பஸ்ஸுல போறேன், வர்றேன். டிக்கெட்ட எங்க வைக்கிறது, பேனாவ எங்க வைக்கிறது? ஆம்பளைங்களுக்கு சட்டையில ரெண்டு, டவுசர்ல ரெண்டு. நமக்கு ஒண்ணு ஆகாதா?”

“இடுப்புல சொருகிக்க. நாங்கல்லாம் சொருகிக்கல?”

“சொருகிக்கிட்டு சாயங்காலம் உதறிக்காட்டணும். அதானே?”

நாகம்மாள் மறுபடியும் முறத்தைத் தட்டத் தொடங்கினாள். தட்டல் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

உதறல் என்பது இதுதான். மிராசுதாரின் நெற்களத்தில் வேலை முடிந்து வெளியே வரும் பெண்கள், களத்து ஓரத்தில் வரிசையாக நின்று, இடுப்பில் சொருகிய மடியை அவிழ்த்து, முந்தானையைப் பிரித்து, காரியக்காரர் துரைராசு பார்க்க உதற வேண்டும். ஒரு மணி நெல் விழுந்தாலும் பேச்சு. துரைராசு யாரையும் தொடமாட்டார். பத்தடி தள்ளித்தான் நிற்பார். தீண்டாமல் சோதனை போடுவதற்கென்றே எந்தக் காலத்திலோ எவனோ யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அதனால்தான் களத்துக்கு வருகிற பெண்ணுக்குச் சுருக்குப்பை கூடாது. தைத்த பை கூடவே கூடாது.

கழக ஆட்சி வந்திருந்தது. செங்கொடிச் சங்கமும் ஊருக்குள் வந்திருந்தது. சாட்டையடி போயிற்று, சாணிப்பால் புகட்டுவது போயிற்று, அடிதடியும் கேஸுமாகக் கூலிநெல்லும் கொஞ்சம் ஏறியிருந்தது. உதறல் மட்டும் போகவில்லை. சங்கத்து ஆண்களுக்கு அது ஒரு கோரிக்கையாகவே தோன்றவில்லை. அவர்கள் முந்தானையா கட்டியிருந்தார்கள்?

மங்களாம்பிகை சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி தன் மகளின் பழைய கவுன் ஒன்றைக் கொடுத்தாள். முன்பக்கம் குட்டியாக ஒரு பை இருந்தது. அந்தக் கவுனோடு அம்மாவைத் தேடிக் களத்துக்குப் போனவள், கோழிக்குஞ்சுக்கென்று ஒரு பிடி நெல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அகப்பட்டதில் அந்த அறுப்பு முழுக்க நாகம்மாளுக்குக் களத்தில் இடமில்லாமல் போனது. வீட்டுக்கு வந்ததும் அரிவாள்மணையில் வைத்து அந்தப் பையை அறுத்து எடுத்தாள். அந்தத் துணியையே கவுனின் முதுகுக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டாள். “எது வேணா கேளு. பை கேக்காத” என்றாள். அத்தோடு சரி.

இப்போது அதே பெண் பி.ஏ. முடித்துவிட்டு, அந்தத் தெருவின் முதல் பட்டதாரி என்ற பேரோடு, வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கோபமும் அவளோடு உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு தையல் மிஷினும்.

மிஷின் ஆயிஷா கொடுத்தது. ஹாஸ்டலில் ஒரே அறை. கூத்தாநல்லூர்க்காரி. கடைசி வருஷம் நடக்கும்போதே நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளையோடு பினாங்குக்குக் கப்பலேறப் போனவள், தன் கைமிஷினைத் தூக்கி மங்களாம்பிகையின் மடியில் வைத்தாள்.

“அங்க மோட்டார் மிஷின் இருக்காம்டி. இது எதுக்கு எனக்கு? நீ வச்சுக்க. எங்க உம்மாகிட்டயும் சொல்லியிருக்கேன், எங்க தெருவுல தைக்கிறதுக்கு ஆளே கிடைக்கலேன்னு அழுவுறாங்க. நல்லா பழகிக்கிட்டு வா.”

“இவ்வளவு விலையுள்ளத சும்மா குடுக்கிறியே.”

“சும்மா எங்க குடுக்கிறேன். மூணு வருஷம் எனக்குப் பதிலா அட்டெண்டென்ஸ் சொன்னதுக்குக் கூலி.”

எரிந்து விழவே பிறந்தவள் என்று காலேஜில் பெயரெடுத்த மங்களாம்பிகை அன்றைக்கு வாய் பேசாமல் மிஷினைக் கட்டிக்கொண்டு மன்னார்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் அதைக் கூரைமேல் ஏற்றச் சொன்னான். அவள் பார்த்த பார்வையில் அவனே நகர்ந்து இடம் விட்டான்.

பழகுவது அவ்வளவு சுலபமாக இல்லை. மிஷின் கிறீச்சிட்டது என்று தேங்காயெண்ணெய் ஊற்றினாள். இரண்டு நாளில் எண்ணெய் பிசினாகி, கைப்பிடி அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் தேய்த்து மறுபடி ஓட விடுவதற்குள் வீடு முழுக்க பம்பு செட் வாடை. ஊசி நகத்துக்கு அடியில் ஒருமுறை இறங்கி ஏறியது. முதலில் தைத்த ரவிக்கையில் இரண்டு கையுமே இடது கையாக அமைந்துவிட்டன. போட்டுக்கொண்டு பார்த்தால் வலது பக்கம் ஏதோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டு ராஜம்மாள் வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தாள்.

“இதான் பி.ஏ. ரவிக்கையா?”

“கை மாறிப்போச்சு அத்தை.”

“மாறினா என்ன. ஓட்டுப் போடப் போறப்ப போட்டுக்க. கை தூக்க முடியாது, எவனுக்கும் கும்பிடு போட வேண்டாம்.”

அடுத்ததற்குக் கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டாள். அது தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. ஆயிஷா ஹாஸ்டலில் சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது: துணியை வெட்டுவதற்கு முன்னால் பழைய பேப்பரை வெட்டு. அதன்பிறகு கட்சிப் பேப்பர்களெல்லாம் ரவிக்கை அளவில் வெட்டுப்பட்டன. தலைவர்களின் பேச்சு அக்குளிலும், ரூபாய்க்குப் படி அரிசி அறிவிப்பு முதுகிலும் வந்தன.

தவறுவது அவளுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் அதிசயம். பரீட்சையில் தவறினால் தெருவே தவறிப்போன மாதிரி. மிஷினில் தவறினால் பிரித்துவிட்டுத் திரும்பவும் தைக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு நாள் ஒரு ரவிக்கை சரியாக வந்தது. கையைத் தூக்கினாள், குனிந்தாள், குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். எங்கும் இழுக்கவில்லை. தன் உடம்பை அளந்து தானே தைத்துத் தானே போட்டுக்கொண்ட முதல் துணி. அன்று முழுக்க அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. அதைக் கண்டு நாகம்மாளுக்குத்தான் பயம் வந்தது, காய்ச்சலோ என்று.

அதற்கு மறுநாள்தான் பை கேட்டாள். அம்மா மறுத்ததும் அவளே தைத்துக்கொண்டாள். முதல் தடவை பையோடு சேர்த்துப் பாவாடையின் பின்பக்கத்தையும் பிடித்துத் தைத்து, நடக்க முடியாமல் ஆயிற்று. இரண்டாம் தடவை வந்துவிட்டது. பூப்போட்ட பாவாடையின் வலது பக்க மடிப்பில், வெளியே தெரியாமல், மணிக்கட்டு வரை கை இறங்குகிற பை.

தை மாசம் சம்பா அறுப்பு. சும்மா இருக்கிற கைக்கும் ஒரு கூலி வரட்டுமென்று அம்மாவோடு அவளும் களத்துக்குப் போனாள். கதிர்க்கட்டு சுமந்தாள், தூற்றினாள், பதர் கண்ணில் விழுந்து அழுதாள். சாயங்காலம் வரிசை நின்றது. நாகம்மாள் மடியை அவிழ்த்து உதறினாள். பழகிப்போன கை, தும்மலுக்குக் கர்ச்சீப்பை உதறுகிற மாதிரி.

மங்களாம்பிகை தாவணி முந்தானையை உதறினாள். கையைப் பைக்குள் விட்டபடி நடந்தாள்.

“நில்லு. பாவாடைப் பக்கத்துல என்ன அது, பையா?” என்றார் துரைராசு.

“ஆமா, பைதான்.”

“களத்துக்குப் பை வச்சுக்கிட்டு வரக்கூடாதுன்னு தெரியாதா? திருப்பி உதறு.”

“உதற மாட்டேன். சந்தேகம் உங்களுக்கு. நீங்க வந்து கையை விட்டுப் பாத்துக்குங்க.”

துரைராசு ஒரு அடி எடுத்துவைத்தார். அப்புறம் நின்றார். எதிரே நிற்பது யார், எந்தத் தெரு, தன் கை எங்கே போக வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய முகத்தில் வந்து போயின. உதறச் சொல்ல வாய் போதும். பைக்குள் பார்க்கக் கை வேண்டும்.

வரிசையில் நின்றிருந்த ராஜம்மாளுக்கு முதலில் புரிந்தது.

“பாருங்களேன் காரியக்காரரே. பாத்துட்டு வூட்டுக்குப் போயி ஒரு முழுக்குப் போட்டாத் தீந்துச்சு. ஆத்துல தண்ணியா இல்ல?”

வரிசை முழுக்கச் சிரிப்பு பரவியது. பெண்கள் அந்த இடத்தில் நின்று சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வைக்கோல்போரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாகம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வீடு வருகிறவரை மகளுக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

மறுநாள் விடியும்போதே ராஜம்மாள் வாசலில் நின்றாள். கையில் ஒரு உள்பாவாடை.

“எனக்கும் ஒண்ணு வச்சுக் குடு புள்ள.”

அப்புறம் வரிசையாக வந்தார்கள். பழைய வேட்டித் துணி, மாவு மூட்டைத் துணி, கிழிந்த சட்டையின் முதுகு என்று கிடைத்ததெல்லாம் பையாயிற்று. அவசரத்தில் தைத்ததில் கோளாறுகளும் வந்தன. ஒருத்திக்குப் பை தலைகீழாக அமைந்து, வெற்றிலை வைத்தால் கணுக்காலில் விழுந்தது. ராஜம்மாளின் பை முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. “எடுக்கணும்னா குந்தணும்டி. குந்தினா அதுமேலயே உக்காந்துக்கிறேன்” என்று அவள் நடுத்தெருவில் செய்து காட்டினாள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பிரித்து, ஏற்றித் தைத்தார்கள். அடுத்தடுத்த சாயங்காலங்களில் பெண்கள் முந்தானையை உதறிவிட்டு, “பையும் இருக்குங்க, வந்து பாத்துக்குங்க” என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்கள். பைகளில் நெல் இல்லை. வெற்றிலை இருந்தது, சீப்பு இருந்தது, சிலதில் எதுவுமே இல்லை. துரைராசுக்குக் களத்து ஓரத்தில் நிற்க வேலையில்லாமல் போயிற்று.

நாகம்மாள் மட்டும் பை கேட்கவில்லை. மகளும் கேட்டுப் பார்க்கவில்லை.

அறுப்பு பாதிதான் முடிந்திருந்தது, வேறு ஆளும் கிடைக்காத நேரம். மிராசுதார் சண்டைக்குப் போகவில்லை. மங்களாம்பிகையைப் பெரிய வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

அவர் கதரிலிருந்து கரைவேட்டிக்கு மாறியிருந்தார். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். இவள் அம்மாவைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டறியாத வாய், “வாம்மா, உக்காரு” என்று நாற்காலியைக் காட்டியது. அவள் உட்கார்ந்தாள். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் வளையல்கள் நகரும் சத்தம் கேட்டது.

“நம்ம ஆட்சி ஏழைங்க ஆட்சி. படிச்ச பொண்ண நாமளே வெயில்ல விடலாமா? சங்கத்துல எழுத்தர் வேலை காலியா இருக்கு. திங்கக்கிழமை வந்து உக்காந்துக்க.”

அவள் காத்திருந்தாள்.

“பை வேணும்னா நீ வச்சுக்கம்மா. நீ ஆபீசுக்குப் போற பொண்ணு. களத்துப் பொம்பளைங்களுக்கு என்னத்துக்கு? துரைராசு மானஸ்தன், வேலையே வேண்டாங்கிறான். நீ தைச்சது, நீயே பிரிச்சுடு. நீ சொன்னா கேப்பாங்க. பிரிச்சுட்டேன்னு சாயங்காலத்துக்குள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

எதற்கும் உடனே வெடிக்கிற அவளுடைய வாய் அன்று திறக்கவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. வரப்பில் நடந்து வரும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போடுகிறோமே என்று தன்மேல் எரிச்சலும் பட்டாள். எழுத்தர் வேலை என்றால் அம்மா இனி சேற்றில் இறங்க வேண்டாம். அம்மாவின் முழங்கால் இப்போதெல்லாம் நடவு முடிந்தால் மடங்குவதில்லை. இந்த ஊரில் பி.ஏ.வுக்கு வேறு நாற்காலி இல்லை. நாலு விரல் துணி. பிளேடால் இழுத்தால் வந்துவிடும்.

வாய்க்காலில் கால் கழுவும்போது காலேஜ் ஞாபகம் வந்தது. மூன்று வருஷமும் அம்மா கையால் ஒட்டுப் போட்ட பாவாடைகளைத்தான் கட்டினாள். ஒட்டுத் தெரியும், கிழிசல் ஒரு நாளும் தெரிந்ததில்லை. “இதென்ன டிசைன்?” என்று பட்டணத்துப் பெண்ணொருத்தி கேட்டபோது, “மன்னார்குடி டிசைன், உங்க ஊருக்கு இன்னும் வரல” என்று ஆயிஷா சொல்லிவிட்டாள். அந்த ஒட்டுகளின் தையல் எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாக இருக்கும். நாலு பக்கமும். சாணியும் சேறும் பட்டு வெடித்த விரலால் அவ்வளவு சின்னத் தையல் எப்படிப் போட்டாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருக்கிறதம்மா என்று சொன்னதும் இல்லை. கேட்டதெல்லாம், அடுத்தது என்ன தருவாய் என்றுதான்.

வீட்டில் நாகம்மாள் அடுப்புக்கு முன்னால் இருந்தாள். மங்களாம்பிகை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நாகம்மாள் எழுந்து கொடிக்குப் போய், பின்னால் காய்ந்துகொண்டிருந்த தன் உள்பாவாடையை எடுத்துவந்து மகள் முன்னால் போட்டாள்.

“எல்லாரோடதையும் பிரிக்கிறதுன்னா இதையும் பிரிச்சிரு.”

சாயம் போன பாவாடையின் வலது இடுப்பில் நீலத்தில் ஒரு சதுரத் துணி. எறும்பு வரிசை.

“என்னம்மா இது? இங்க கிழியலையே. எதுக்கு ஒட்டு?”

“ஒட்டு இல்லடி.” நாகம்மாள் வேறெங்கோ பார்த்தாள். “பை.”

மங்களாம்பிகை அதைத் தடவிப் பார்த்தாள். மேலே, கீழே, இரண்டு பக்கமும். எங்கும் விரல் நுழையவில்லை.

“வாய் எங்கம்மா?”

“எது?”

“பையோட வாய். கை போற வழி.”

நாகம்மாள் குனிந்து பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஆயுசு முழுக்க ஒட்டே போட்ட கை. ஒட்டு என்றால் நாலு பக்கமும் அடைத்தால்தான் நிற்கும். பை தைக்கப்போன கை வழக்கம் போல நாலையும் அடைத்துவிட்டிருந்தது.

“நாலு பக்கமும் தைச்சாத்தானே உறுதின்னு…” என்று ஆரம்பித்தவளுக்கு மேலே சொல்ல முடியவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மகள் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். மங்களாம்பிகைக்கும் வந்துவிட்டது. இருவரும் சிரித்த சிரிப்பில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராஜம்மாள், “என்னாடி அங்க, வேலை கெடைச்சிருச்சா?” என்று குரல் கொடுத்தாள்.

“எப்பம்மா தைச்ச?”

“நீ அவன வந்து பாருன்னு சொன்னியே, அதுக்கு மறுநாளு. நீ வாய்க்காலுக்குப் போயிருந்தப்ப.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“பை கேக்காதன்னு நாந்தானே உனக்குச் சொன்னேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கேக்க?”

மங்களாம்பிகை பிளேடை எடுத்தாள். மிராசுதார் சொன்னபடி பிரித்தாள், மேல்பக்கத்தை மட்டும். அந்த எறும்புத் தையலை அறுக்கக் கை கூசியது. ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு பாவாடையை மிஷினில் வைத்தாள்.

“கைப்பிடிய நீ சுத்தும்மா. மெதுவா.”

அதுவரை அந்த மிஷினைத் துடைக்க மட்டுமே தொட்டிருந்த நாகம்மாள், களி கிண்டுகிறவள் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுற்றினாள். ஊசி ஒரு இடத்தில் ஓடியது, ஒரு இடத்தில் தூங்கியது. பையின் வாய் கோணலாகத்தான் மடிந்தது. மகள் அதைப் பிரித்துத் திருத்தவில்லை.

நாகம்மாள் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்தாள். புடவையை ஒதுக்கி, தண்ணீரின் சூடு பார்ப்பதுபோல விரலை விட்டாள். அப்புறம் கை முழுக்க.

“ஒண்ணுமே இல்லியேடி உள்ள.”

“கை இருக்குல்ல.”

நாகம்மாள் கையை எடுக்கவில்லை. அப்படியே போய் அடுப்பைப் பார்த்தாள். ஒரு கையாலேயே விறகைத் தள்ளிவிட்டாள். மங்களாம்பிகை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி என்று சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. சொன்னால் அம்மா, காலேஜில் கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்பாள். ஆகவே, “சாயங்காலம் உன் பச்சை ரவிக்கையக் குடு, அக்குள் பிரிஞ்சிருக்கு” என்றாள்.

“பெரிய வீட்டுக்காரங்களுக்கு என்னடி சொல்லப் போற?”

“கூத்தாநல்லூருல ஆயிஷாவோட உம்மா தைக்க ஆள் தேடுறாங்க. காலையில பஸ்ஸுக்கு மிஷினத் தூக்கிக்கிட்டுப் போறேன். வேலைக்கு வேற எடத்துல எழுதிப் போடுவேன்.”

“அத கேக்கல. அவங்களுக்கு என்ன சொல்லப் போறேன்னு கேக்குறேன்.”

“பிரிச்சுட்டேன்னு சொல்லணும்ல. ஒண்ணு பிரிச்சேன். எதுக்குப் பிரிச்சேன்னும் சொல்லிட்டு வர்றேன்.”

நாகம்மாள் தடுக்கவில்லை. “வெயில் சாயறதுக்குள்ள வந்துரு, சோறு ஆறிப்போவும்” என்றாள்.

மங்களாம்பிகை தாவணியை இழுத்துச் சொருகினாள். வலது கையைப் பாவாடைப் பைக்குள் விட்டுக்கொண்டு வாசலைத் தாண்டி, பெரிய வீட்டுத் தெருவைப் பார்த்து நடந்தாள்.